மணிக்கு ஒரு சேலை தூரம்

இலங்கையில் கற்பிட்டிக் காயலோரம் செங்கல் அடுக்கின் மேல் நிறுத்தியிருந்த, சக்கரமே இல்லாத கேரவன் ஒன்று, இரண்டு வருடங்களுக்கு முன் மே மாதம் பதினான்காம் தேதி காலை ஆறே காலுக்கு நகரியை நோக்கிப் புறப்பட்டது. அப்போது உள்ளே வள்ளி பல் துலக்கிக்கொண்டிருந்தாள். டம்ளர் தண்ணீர் கொஞ்சம் சாய்ந்து மறுபடி நேரானதைப் பார்த்தாள், வாய் கொப்பளித்தாள். தன் வீட்டுக்காரர் சிவசங்கரன் செய்த வேலை அது என்று அவளுக்குத் தெரிய அரை மணி நேரமாயிற்று.

ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற நகரியில் சிவசங்கரனுக்குப் பன்னிரண்டு பவர்லூம். வள்ளி நாடாவுக்கான ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிறவள். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் தறி ஓடுவதால் ஒருவர் பேச்சை ஒருவர் உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள்; தொட்டில் பிள்ளைகள் தறி ஓடும்போது தூங்கி, கரண்ட் போனால் அழும். நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் ஓர் இழை அறுந்தால் தறி தானாக நின்றுவிடும், ஆகவே நெசவுக்காரனுக்குச் சத்தம் என்றால் நிம்மதி, சத்தம் குறைந்தால் எழுந்து ஓட வேண்டும். கல்யாணமாகி இருபத்து நாலு வருடத்தில் சிவசங்கரன் நாலு தடவை வெளியூர் கிளம்பி நாலு தடவையும் பாதியில் திரும்பியவர். ஒரு தடவை ரேணிகுண்டாவில் ரயில் ஏறி உட்கார்ந்தும் ஆயிற்று. இன்ஜின் அணைந்து பெட்டி அமைதியானதும், "எங்கியோ இழை அறுந்துகினு கீது வள்ளி" என்று பையோடு இறங்கிவிட்டார். வள்ளியும் பின்னாலேயே இறங்கினாள். திட்டவில்லை. நம்முடையது இல்லாத ஓரிடத்தில் ஏழு ராத்திரி படுத்து எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை என்று மகள் பிரித்திகாவிடம் மட்டும் சொல்லி வைத்தாள்.

பிரித்திகா சென்னையில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறவள். காயலோரத்தில் கூடாரமும் கேரவனும் வைத்துக் குடும்பத்தோடு தங்கவிடுகிற இடம் ஒன்றைப் போனில் கண்டுபிடித்து, மூன்று பேருக்கு ஏழு ராத்திரி பதிவு செய்துவிட்டாள். எதிர்வீட்டு ரத்னம்மா அதைக் கேள்விப்பட்டுச் சும்மா விடவில்லை.

"கேரவன்னா சினிமாக்காரங்க உக்காந்துகினு பவுடர் பூசிக்கிற வண்டியாச்சே. உனக்கு இன்னாத்துக்கு வள்ளி?"

"நானும் கொஞ்சம் பூசிக்கினு வரேனே" என்றாள் வள்ளி.

இந்தத் தடவை விமானம்; கடைசி வரை இரைச்சல் ஓயாததால் சிவசங்கரனும் வந்து சேர்ந்துவிட்டார். கேரவனைப் பார்த்ததும் வள்ளிக்கு அதன் மேல் மரியாதையே வந்துவிட்டது. பெட்டி அளவு இடத்தில் கட்டில், அடுப்பு, அலமாரி, மடக்கு மேஜை, கழிப்பறை எல்லாம் ஒன்றை ஒன்று இடிக்காமல் நின்றன. இதைக் கட்டியவன் நல்ல கைக்காரன் என்றாள். சுற்றிலும் கூடாரங்களில் குடும்பம் குடும்பமாக நண்டு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். இடத்துக்காரர் சந்திரன் தேங்காய்ப்பால் குழம்பான சொதி கொண்டுவந்து கொடுத்தார். வள்ளி படியில் உட்கார்ந்து பாதத்தை மணலில் புதைத்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் சிவசங்கரன், "நாளைக்கே கெளம்பிடலாம். இங்க சத்தமே இல்ல, காது வலிக்குது" என்றார். வள்ளி புதைத்த காலை வெளியே எடுக்கவில்லை.

விடியும்போது வழக்கம்போல் அவரை எழுப்பியது அமைதிதான். வேறு யாராயிருந்தாலும் என்ன சுகம் என்று புரண்டு படுத்திருப்பார்கள். அவர் லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு அறுந்த இழையைத் தேடப் போனார். கூடாரம் கூடாரமாகக் குனிந்து பார்த்தார். தண்ணீர் ஓரத்தில், இடுப்பு உயரத்தில், அது இருந்தது: எண்பதாம் நம்பர் பருத்தி நூல், நல்ல வெள்ளை, இரண்டு நுனிகளும் காற்றில் தொங்கின. தறியும் இல்லை, பாவும் இல்லை. கட்டைவிரலை எச்சிலில் தொட்டு, திரித்து, ஒரு முடிச்சு. புத்தி யோசிக்குமுன் கை செய்துவிட்டது. உடனே எங்கிருந்தோ தறி ஓடும் சத்தம் மெல்லக் கேட்டது, கேரவன் செங்கல்லை விட்டு நகர்ந்தது.

சந்திரன் டேப் கொண்டுவந்து பிடித்தார். மணிக்கு ஐந்தரை மீட்டர், சரியாக ஒரு சேலை. "கல்லு மேலதானே இருந்தது, ஐயா" என்று மட்டும் சொன்னார். பிரித்திகா போனில் வழி போட்டுப் பார்த்தாள். நேர் வடக்கே, ஐந்நூற்று அறுபது கிலோமீட்டரில், அவர்கள் தெரு.

"முடிச்ச அவுருங்க" என்றாள் வள்ளி.

"போட்ட முடிச்ச எவனாச்சும் அவுப்பானா?"

வள்ளி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தண்ணீரோரம் போனாள். இழை அவள் விரலில் கதகதப்பாக ஓடியது. வெட்டினால் கேரவன் நிற்கும், சத்தமும் நிற்கும், சாயங்காலத்துக்குள் இந்த மனுஷர் பையைத் தூக்கிவிடுவார். "எவ்ளோ நாளு ஆவும் போய்ச் சேர?" என்று மகளைக் கேட்டாள்.

"பதினோரு வருஷம், ஏழு மாசம். நைனா கட்ன முடிச்சு அவுராம இருந்தா."

கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து புருஷன் எதிரில் நின்றாள். "அப்ப நாம வூட்டுக்குப் போய்க்கினுதான கீறோம்?"

அவர் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். "ஆமா. போய்க்கினுதான் கீறோம்."

"அப்பறம் இன்னா அவசரம்? உப்புமா துன்னுங்க, ஆறுது."

அவர் உட்கார்ந்து தின்றார். ஏற்கெனவே வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறவன் புறப்பட வேண்டியதில்லை அல்லவா. அந்த வாரம் எட்டு மணி வரை தூங்கினார், பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளைகளுக்குக் கயிறு இறுக்கிக் கொடுத்தார். நாலாம் நாள், கேரவன் தண்ணீர் மேல் ஏறி நனையாமல் போய்க்கொண்டிருந்தபோது, வள்ளி பாடுவதைக் கேட்டார். தார் சுற்றும்போது அவள் உதடு அசைவதை இத்தனை வருடமும் பார்த்து, தன்னைத் திட்டுகிறாள் என்றே நினைத்திருந்தார். "நல்லாத்தான் பாடற" என்றார். "இப்பத் திட்டறேன், அதுவும் கேளுங்க" என்றாள் அவள். எட்டாம் நாள் படகில் கரையேறி, விமானத்தில் சென்னை வந்து, பஸ் பிடித்து நகரி போனார்கள்.

கேரவன் நிற்கவில்லை. கடற்படைக்காரர்கள் வந்து சுற்றிப் பார்த்து, விளக்கு ஒன்று மாட்டச் சொல்லிவிட்டுப் போனார்கள். சந்திரன் தினமும் படகில் போய்ப் போர்வை மாற்றுகிறார். கடல் மேல் தங்கக் குடும்பங்கள் ஆறு மாதம் முன்பே சொல்லி வைக்கின்றன. இந்த மே மாதம் அது மன்னார்த் தீவுக்குத் தெற்கே இருந்தது. கேரவன் கரையேறும்போது வழி விட வலைகளைத் தள்ளிக் கட்டிக்கொள்வதாக அங்குள்ள மீனவர்கள் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். அப்போது வள்ளியும் சிவசங்கரனும் மறுபடி அதில் தங்க வந்தார்கள், இந்தத் தடவை பதிவு பத்து ராத்திரிக்கு. பதினோராம் நாள் காலை சந்திரன் படகைக் கொண்டுவந்து ஹாரன் அடித்தார். வள்ளி பையைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள். சிவசங்கரன் சாவகாசமாக வெளியே வந்து, படகைப் பார்த்து, பையைப் பார்த்து, "பர்வாலேது சந்திரா, ஒண்ணும் அவசரமில்ல, நாளைக்கு வா" என்றார். வள்ளி பையை உள்ளே எடுத்து வைத்தாள். சந்திரன் படகைத் திருப்பிக்கொண்டு போனார்.