நாலாம் வளைவு ஜாடி

கல்யாணத்தன்று மெர்வ் கிளெனிஸுக்குப் போட்டது வெள்ளி மோதிரம். "கடைத் தங்கமெல்லாம் வேண்டாம் கிளெனி, நானே மண்ணுல தேடி எடுத்து உனக்கு மோதிரம் போடுறேன் பாரு" என்று ஊரே கேட்க வாக்குக் கொடுத்துவிட்டான். ஆஸ்திரேலியாவின் டனோலி, தங்கம் விளைந்த ஊர். அங்கே பிறந்தவனுக்கு வாய் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். அது நடந்து நாற்பத்தோரு வருஷம் ஆகிறது.

ஓய்வு பெற்றதிலிருந்து, பதினோரு வருஷமாக, வாரத்தில் நாலு நாள் உலோகம் தேடும் கருவியோடு காட்டுக்குள் போய்வந்தான். கொண்டுவந்தது துருப்பிடித்த ஆணி, தோட்டாக் கூடு, ஒரு குதிரை லாடம், எவனுடையதோ பல்செட்டுக் கம்பி. அது போதாதென்று ஓடையில் இறங்கித் தட்டில் மணலும் அலசினான். அவன் கண்ணில் மட்டும் படுவதில்லை என்று தங்கம் சபதம் எடுத்திருந்தது.

கிளெனிஸ் வேறு வழியில் போனாள். பள்ளிக்கூட ஆய்வகத்தில் முப்பது வருஷம் அமிலக் குப்பிகளோடு குடித்தனம் நடத்தியவள் அவள். வேண்டாத சாமான்களை ஊரார் வீதியோரம் வைக்கிற நாளில் தள்ளுவண்டியோடு கிளம்பி, பழைய கம்ப்யூட்டர்களாகப் பொறுக்கி வருவாள். பலகைகளில் தங்கப்பூச்சு உள்ள ஓரங்களை மட்டும் கத்தரித்து, கொட்டகைக் கதவை ஆவென்று திறந்துவைத்து, முகமூடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு, நீச்சல்குளத்துக்கு ஊற்றுகிற அமிலத்தில் பெராக்சைடு சேர்த்து அதில் ஊறவைப்பாள். நாளாக ஆகச் செம்பு கரைந்து தண்ணீர் பச்சையாகும். தங்கம் வெங்காயத் தோல் மாதிரி உரிந்து மிதக்கும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பதே அவளுக்குச் சந்தோஷம்.

இரண்டு வருஷத்துத் தோலை மறுபடி கரைத்து, தூளாகப் படியவைத்தாள். அந்தத் தூளைத் தங்கம் என்று சொன்னால் பெற்ற தாயே நம்பமாட்டாள். காப்பி வடிகட்டிய மண்டி போல இருந்தது. உருக்கினால்தான் மினுக்கும். உருக்க அவளுக்கு மனம் வரவில்லை. பதினோரு வருஷம் காடு மேடெல்லாம் அலைந்தவன் முன்னால், கொட்டகையை விட்டு நகராமல் எடுத்த தங்கத்தை எப்படி நீட்டுவது?

இருக்கட்டும் என்று, ரொட்டியில் தடவுகிற வெஜிமைட் வந்த ஒரு காலி ஜாடியில் போட்டு மூடினாள். அந்த வீட்டில் காலி ஜாடியைத் தூக்கி எறிவது பெரும் பாவம். ஜாடி மேல் மெர்வின் கையெழுத்தில் "நாலாம் வளைவு" என்று சீட்டு ஒட்டியிருந்தது. ஓடையின் எந்த வளைவில் அள்ளிய மண் என்று எழுதி வைப்பது அவன் பழக்கம். கிழிக்க நினைத்தாள். அதற்குள் தங்கை தொலைபேசியில் வந்தாள். அவள் பேச ஆரம்பித்தால் ஒரு மணி நேரம்.

இரண்டு நாள் கழித்து, கொட்டகையிலிருந்து மெர்வ் கத்திய கத்தலில் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டாள் கிளெனிஸ்.

"கிளெனி! அடியே கிளெனி! ஓடியா!"

உருக்கும் கிண்ணத்தில் பட்டாணி அளவில் ஒரு மஞ்சள் மணி. பக்கத்தில் நாலாம் வளைவு ஜாடி, காலியாக.

"அலசினேன், தட்டோட அடியில பழுப்பா என்னமோ கனமா நின்னுச்சு. சரி, எதுக்கும் உருக்கிப் பாப்போம்னு போட்டேன். பாருடி! நாலாம் வளைவுதான், நான் சொன்னேனா இல்லையா?"

அவன் கண் கலங்கியிருந்தது. அறுபத்தெட்டு வயசு ஆள் பள்ளிக்கூடப் பையன் மாதிரி குதித்தான். அடக் கடவுளே, இது என்னுடையது என்று நாக்கு நுனிவரை வந்ததை அவள் விழுங்கினாள். "சொன்னே சொன்னே. நான்தான் நம்பல" என்றாள்.

மறுநாளே மெர்வ் ஓடைக்குப் போய்விட்டான். அதற்கடுத்த நாளும் போனான். ஜூலைக் குளிரில் முழங்கால் தண்ணீரில் நின்று மூன்று வாரம் மண் அள்ளினான். மதுக்கடையில் தங்கம் கிடைத்ததா என்று யார் கேட்டாலும் வாயைத் திறக்கவில்லை. கிளெனிஸ் சாயந்திரமானால் அவன் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, மனசுக்குள் தன்னையே திட்டிக்கொண்டாள். சொல்லிவிட்டால் முட்டி பிழைக்கும், முகம் செத்துவிடும். ஒவ்வொரு ராத்திரியும் நாளைக்குச் சொல்லலாம் என்றே தூங்கினாள்.

நாலாவது வாரம் மோதிரம் செய்ய மணியை எடுத்துக்கொண்டு பெண்டிகோ நகரத்தில் ஹுயென் என்பவளின் நகைக்கடைக்குப் போனார்கள். ஹுயென் உரசிப் பார்த்தாள், எடை போட்டாள், புருவத்தைச் சுருக்கினாள்.

"இதை எங்க எடுத்தீங்க?"

"ஓடையில" என்று கிளெனிஸ் முந்திக்கொண்டாள்.

"இந்தப் பக்கத்து மண்ணுத் தங்கம்னா கொஞ்சமாவது வெள்ளி கலந்திருக்கும் அம்மா. இது சுத்தத் தங்கம். யாரோ மருந்து போட்டுப் பிரிச்சிருக்காங்க."

கிளெனிஸ் மெர்வ் பக்கம் திரும்பவே பயந்தாள்.

"தெரியும்" என்றான் மெர்வ்.

"என்ன தெரியும்?" என்றாள் கிளெனிஸ்.

"நாலாம் வளைவு மண்ணை அதுக்கு முன்னாடியே அலசிக் கொட்டிட்டேன். காலி ஜாடியைக் கழுவி வச்சதே நான்தான். உருக்கின மறுநாள் காலையில, ஓடைக்குப் போற வழியில ஞாபகம் வந்துச்சு."

"அப்புறம் எதுக்குய்யா மூணு வாரம் தண்ணியில நின்னே? உன் முட்டிக்கு ஒத்தடம் கொடுத்துக் கொடுத்து என் கை போச்சு! நீ சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீ சொன்னியா?"

மெர்வ் சட்டைப்பையிலிருந்து சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்து மேசை மேல் வைத்தான். தண்ணீருக்குள் மூன்று மஞ்சள் துகள்கள். உப்புக்கல்லைவிடச் சின்னவை.

"இதுக்குத்தான் நின்னேன். நேத்துதான் மூணாவது கிடைச்சுது. இது நிஜமாவே நாலாம் வளைவு. அதோட இதையும் போட்டு உருக்கும்மா."

ஹுயென் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "ஐயா, கோவிச்சுக்காதீங்க. இது என் தராசுல எடையே காட்டாது."

"காட்ட வேணாம். உள்ள இருந்தாப் போதும்."

கிளெனிஸுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்தன. நாற்பத்தோரு வருஷத்தில் அவள் இத்தனை சந்தோஷமாக இருந்ததில்லை. அதைச் சொல்லத் தெரியாமல் அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"பாத்து ஊத்தும்மா, ஒண்ணுகூடச் சிந்தாம" என்றாள் ஹுயெனிடம்.