நிழல் போடும் லேப்டாப்

இதில் ஒரு வரி பொய் என்றாலும் பதினெட்டாம்படிக் கருப்பு என்னைக் கேட்கட்டும். பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டே சத்தியம் செய்கிறேன். பொய்ப்பல்லோடு செய்த சத்தியம் செல்லாது என்று நாளைக்குப் பேச்சு வரக் கூடாது.

எங்கள் மகள் தாமரைச்செல்வி டெங்குக் காய்ச்சலில் போனபோது வயது இருபத்து நான்கு. விட்டுப் போனது ஒரு கேமிங் லேப்டாப். அதிலிருந்த விளையாட்டுக்குள் எங்கள் திருநகர் வீட்டை அப்படியே கட்டி, தன் முகச்சாடையில் ஒரு பெண்ணை மஞ்சள் சுடிதாரில் நடமாட விட்டிருந்தாள். அந்தப் பெண் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாள், உட்காருவாள், எழுந்து போவாள். என் மனைவி சோணையம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை வருடமாகக் கேட்டைத் தாண்டவில்லை. இவளையும் பறிகொடுத்துவிடுவேனோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

ஒருநாள் பகலில் கரண்ட் போனது.

"ஏங்க, இங்கன வாங்க! புள்ளைக்கு நிழலக் காணோம்! கால் தரையில பாவலையே!"

உண்மைதான். சுடிதார் தரைக்கு மேல் மிதந்தது. எங்கள் பக்கம் அப்படி நடப்பது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பேயாண்டி வந்து பார்த்தான். "பெரியப்பா, இதுக்குள்ள படம் போட ரெண்டு ஆளு. சின்னவன் பிராசசரோட ஒட்டிப் பொறந்தவன், கொஞ்சமாத் திம்பான். பெரியவன் தனி கிராபிக்ஸ் கார்டு, அம்புட்டு கரண்டும் அவனுக்கு வேணும். பேட்டரில ஓடுனா அவன் படுத்துக்கிருவான். சின்னவனுக்கு நிழல் போடத் தெம்பு கிடையாது."

"பேயோன்னு நெனச்சேன்யா."

"எம் பேர எதுக்கு இழுக்கறீக பெரியம்மா?"

அதிலிருந்து கரண்ட் போனால் நான் வெளியே போய்விட்டு வந்து, "தெரு முழுக்க இல்லை" என்று சொல்வேன். லேப்டாப்பைக் கட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கரண்ட் இருக்கும் இடம் தேடி இருவரும் ஆட்டோ ஏறுவோம். பிள்ளை மிதக்கக் கூடாதல்லவா.

செல்லூரில் என் பழைய சிநேகிதர் விருமாண்டியின் தறிக்கூடத்தில் சொருகியபோது பெரியவன் ஒரு மூச்சு இழுத்தான். பன்னிரண்டு விசைத்தறியும் திக்கின. அன்று நெய்த துண்டெல்லாம் ஒரு சாண் குட்டை. விருமாண்டி கோபப்படவில்லை. பெரியவன் விட்ட அனலில் அவருக்கு நாலு அப்பளம் சுட்டுக் கொடுத்திருந்தேன்.

தறி ஓட்டும் பெண் ஒருத்தி டீயோடு வந்து எட்டிப் பார்த்தாள். "எம்புட்டு லட்சணமா இருக்கா! யாருக்கா இது?"

"எம் மக. செத்துப் போயிட்டா."

அந்த வார்த்தையை சோணை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். அந்தப் பெண் நீட்டிய டீயைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். பிறகு ஆறிப்போன டீயைக் குடித்தாள். அடுத்த முறையும் செல்லூருக்கே போகச் சொன்னாள்.

எட்டு மாதம் இப்படி ஓடியது. சித்திரை வெயிலில் பெரியவன் கருகிப் போனான். "இனிமே சின்னவன் மட்டும்தான் பெரியப்பா" என்றான் பேயாண்டி, என் முகத்தைப் பார்க்காமல்.

சோணை வெகுநேரம் திரையைப் பார்த்தாள். மஞ்சள் சுடிதார் மிதந்தபடியே செடிக்குத் தண்ணீர் ஊற்றியது.

"விடுங்க. அவ நெசமாவே போயிட்டாளே."

லேப்டாப்பை மூடினாள். செருப்பை மாட்டினாள். "நான் செல்லூருக்குப் போறேன். நீங்களும் வாரீகளா?"

அந்த எட்டு மாதத்தில் எங்கள் தெருவில் மின்சாரம் போனது ஒரே ஒரு நாள். மற்ற நாளெல்லாம் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கியவன் நான்.