தகடு சொன்னதும் ராஜமாணிக்கம் சொல்ல வந்ததும்

மனிதனுக்கு ஜாதகம் எப்படியோ, இயந்திரத்துக்கு அதன்மேல் எண் பொறித்த பித்தளைத் தகடு அப்படி. ஜாதகம் பார்க்க ஊருக்கு நாலு பேர் உண்டு. தகடு பார்க்கக் கல்கத்தாவுக்கும் ரங்கூனுக்கும் நடுவே ஒரே ஒருவர்தான், நடுக்கடலில் இந்தத் தீவில் கடை வைத்திருக்கும் டாலிகஞ்ச் பக்தவத்சலம். இந்த உண்மையைக் கண்டுபிடித்து உலகுக்கு அறிவித்தவரும் பக்தவத்சலம்தான்.

வெள்ளைக்காரன் விட்டுப்போன டிரில், ரம்பம் எல்லாம் அவருடைய ரிப்பேர் கடைக்கே வரும். தகட்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்ப்பார். தேய்ந்துபோன எழுத்து மேலே எழும்பி வரும். முதல் எழுத்து தொழிற்சாலை, நடு எண் வருஷம், கடைசி எழுத்து உள்ளே இருக்கும் மோட்டாரின் ரகம். தப்பியதே இல்லை.

அறுபத்துமூன்றாம் வருஷம் பிப்ரவரியில் படகு கட்டும் ராஜமாணிக்கம் ஒரு டிரில்லைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“மோட்டார் புகைஞ்சிருச்சுண்ணே. காத்து மாறுறதுக்குள்ள படகைத் தண்ணியில இறக்கியாகணும். அம்புட்டும் படாக் பலகை, இரும்பு மாதிரி மரம். கையால துளை போட்டா என் பேரன்தான் அதுல மீன் பிடிப்பான்.”

டீ கொண்டுவந்த மரகதம், பக்தவத்சலத்தின் மனைவி, வழக்கம்போலக் கேட்டாள். “இது எங்கண்ணே கிடைச்சுது? முன்னாடி யாரு வச்சிருந்தாங்க?”

“அது பெரிய கதைம்மா. வடக்கே மாயாபந்தர்ல மெஷின் ரிப்பேர் பாக்கற ஒரு பெங்காலி மிஸ்திரி...”

“ஆரம்பிச்சுட்டா!” என்றார் பக்தவத்சலம். “மெஷினுக்கு மாப்பிள்ளையா பாக்கறே, குலம் கோத்திரம் விசாரிக்க? தகடு இருக்கறப்ப வாய் எதுக்கு? நீங்க டீயைக் குடிங்க.”

ராஜமாணிக்கம் டீயைக் குடித்தார். கதையும் அதோடு உள்ளே போய்விட்டது.

மற்றவர்களாக இருந்தால் மோட்டாருக்குள் சுழலும் கம்பிச் சுருளான ஆர்மேச்சரை, எரிந்தது எரிந்தபடியே கழற்றி, மாதிரிக்காகக் கப்பலில் மெட்ராஸுக்கு அனுப்பியிருப்பார்கள். பக்தவத்சலம் மூடியைக்கூடத் திறக்கவில்லை. தகட்டு எண்ணை மட்டும் அனுப்பினார். ஏப்ரலில் கப்பல் வந்தது. தகடு கேட்ட அதே ஆர்மேச்சர், எண்ணெய்க் காகிதம் சுற்றி, புது மணப்பெண் மாதிரி வந்து இறங்கியது.

டிரில்லைத் திறந்தார். புது ஆர்மேச்சரின் தண்டு ஒரு விரல் நீளம் அதிகம். உள்ளே இருந்தது வேறு கம்பெனி மோட்டார்.

“அன்னிக்கே சொல்ல வந்தேன்ணே,” என்றார் ராஜமாணிக்கம் மெதுவாக. “செத்த மெஷின் ரெண்டைச் சேர்த்து அந்த மிஸ்திரி ஒண்ணாக்கிக் குடுத்தது. கூடு ஒண்ணோடது, குடல் இன்னொண்ணோடது.”

இந்தத் தீவில் செத்த இயந்திரத்தை யாரும் தூக்கி எறிவதில்லை. கப்பலுக்குக் காத்திருப்பதைவிட இரண்டு பிணத்தைச் சேர்த்து ஓர் உயிர் செய்துகொள்வது சுலபம். பக்தவத்சலமே அப்படிப் பல செய்து அனுப்பியிருக்கிறார், ஒவ்வொன்றிலும் பொய்த் தகட்டைப் பளபளவென்று துடைத்துவிட்டு. அடுத்தவன் கைவேலையும் தன் கடை வாசலுக்கு வரும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

பழைய ஆர்மேச்சரை அடுத்த கப்பலில் அனுப்பினார். அது திரும்பும்வரை கடையைப் பூட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போய், ராஜமாணிக்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்து கையால் துளை போடும் கருவியைச் சுற்றினார். உள்ளங்கை கொப்புளித்ததே தவிர, படாக் பலகை அசையவில்லை. மே மாதம் காற்று மாறியது. பாதி ஆணி அடித்த பக்கப்பலகைகளை முதல் புயலே பிய்த்துக்கொண்டு போனது.

ஜூலையில் சரியான ஆர்மேச்சர் வந்தது. டிரில் அருமையாக ஓடியது. ராஜமாணிக்கம் அதற்குள் மர மில்லில் கட்டை இழுக்கும் வேலைக்குப் போயிருந்தார்.

“நீங்களே வச்சுக்கங்கண்ணே. துளை போட என்கிட்ட என்ன இருக்கு?”

கோபமே இல்லாமல் சொன்னார். அபர்டீன் பஜாரில் பார்த்தாலும் முதலில் கை எடுத்துக் கும்பிடுபவர் அவர்தான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் பக்தவத்சலத்துக்கு ராத்திரி தூக்கமாவது வந்திருக்கும். எதையும் கேட்காமல் விடாத மரகதம், இதை மட்டும் கேட்காமல் விட்டாள்.

தீபாவளிக்கு முன்னால் சிப்பிகாட்டிலிருந்து கோவிந்தராஜ் ஒரு கை ரம்பத்தோடு வந்தார், மின்சாரத்தில் ஓடுவது.

“தகடு கொஞ்சம் தேஞ்சிருக்கு. உங்களுக்கா தெரியாது? படிச்சுச் சொல்லிருங்கண்ணே.”

பக்தவத்சலம் ஸ்டூலை இழுத்துப் போட்டார். “உக்காருங்க. இது முன்னாடி யாருகிட்ட இருந்துச்சு? எங்கெங்க ரிப்பேர் பண்ணினாங்க? அவசரமில்லை, முதல்லேர்ந்து சொல்லுங்க.”

குரலை மட்டும், அடுப்படியில் இருக்கும் மரகதத்துக்குக் கேட்காத அளவுக்குத் தாழ்த்திக்கொண்டார்.