சிநேகிதர் என்ற இடத்தில் என் கையெழுத்து

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குப் பொய் சொல்லிக் கிடைத்தது. காகிதத்தில் பொய் சொல்வது என் வழக்கம்தான், அதற்கு யாரும் என்னைக் கேள்வி கேட்பதில்லை. ஆனால் இது அச்சடித்த படிவத்தில், பேனாவால், கையெழுத்துப் போட்டுச் சொன்ன பொய்.

அமெரிக்காவில், ஓக்லஹோமா மாநிலத்தில், டுல்சாவுக்குக் கிழக்கே எங்கள் ஊர். டிராக்டர் உதிரிபாகக் கடைக்குப் பின்னால் துப்பாக்கி சுடும் கூடம் ஒன்று இருக்கிறது. நான் இங்கே வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. பதினோரு வருடமாகச் சனிக்கிழமை காலையில் அங்கே போய்ச் சுடுகிறேன். மற்றவர்கள் மீன் பிடிக்கப் போவது மாதிரிதான், அதில் ஒன்றும் இல்லை. (பார்த்தீர்களா, நீங்கள் கேட்கும் முன்பே எனக்காக வாதாட ஆரம்பித்துவிட்டேன்.)

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று மாதமாகத் திணறுகிறேன். முதல் வரைவு இப்படி இருந்தது:

"லவோனா துப்பாக்கியை முதன்முதலாகத் தொட்டபோது அதன் உலோகம் ஒரு பிணத்தின்

வேண்டாம். அது உலோகமே இல்லை, கைபடுகிற இடமெல்லாம் பிளாஸ்டிக். இரண்டாவது வரைவு "அன்று வானம்" என்று ஆரம்பித்தது. வானத்தில் ஆரம்பிக்கிற எழுத்தாளனை நம்பாதீர்கள், அவனுக்கு மனித முகத்தைப் பார்க்கப் பயம்.

நடந்ததையே சொல்கிறேன். கூடத்தின் வாசல் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. தனியாக வருகிறவருக்கு வாடகைத் துப்பாக்கி கிடையாது, சொந்தத் துப்பாக்கி இருக்க வேண்டும், அல்லது கூடவே ஒரு சிநேகிதர் வர வேண்டும். ஏன் என்று அதில் எழுதியிருக்காது. இந்தப் பக்கத்தில் யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. லவோனா, அறுபதை நெருங்கிய ஒரு பெண்மணி, அதைப் படித்தபடி நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"நீங்க உள்ளதானே போறீங்க? ஒரு மணி நேரத்துக்கு எனக்குச் சிநேகிதரா இருக்க முடியுமா?"

நான் தயங்கியதைப் பார்த்துவிட்டு அறிவிப்பைக் கைகாட்டினார். "போன மார்ச் வரைக்கும் இது இங்க இல்ல. என் வீட்டுக்காரருக்கு அப்புறம்தான் ஒட்டினாங்க."

எனக்குத் தெரியும். டெரல் ஹேச்சர். ஒரு செவ்வாய்க்கிழமை தனியாக வந்து, ரைபிளை வாடகைக்கு எடுத்து, சுடுகிறவர் நிற்பதற்கான ஏழாவது தடுப்புக்குள் சுட்டுப் பழகி, அங்கேயே தன்னையும் சுட்டுக்கொண்டு இறந்துபோனவர். அந்த வாரம் சனிக்கிழமை கூடத்தை மூடியிருந்தார்கள். இவ்வளவு தூரம் வந்தும் வீணாய்ப் போச்சே என்று எரிச்சலோடு வீடு திரும்பினேன். அந்த எரிச்சலும் இந்தக் கதையில் இருக்கட்டும்.

3

லவோனா தன் வண்டியின் முன்பக்கத்தில் ஒரு தாளை விரித்துக் காட்டினார். டெரல் சுட்ட இலக்குத் தாள். காவல்துறை அவருடைய சட்டை, கைக்கடிகாரத்தோடு பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தது. முப்பது துளைகள். அத்தனையையும் ஒரு காபித் தட்டால் மூடிவிடலாம்.

"மனசு சரியில்லன்னா அவருக்குக் கோப்பைகூடக் கையில நிக்காது," என்றார். "இது நடுங்குற கை சுட்டது இல்ல."

அன்று காலை டெரல் பின்கதவின் கொசுவலையைச் சரிசெய்துவிட்டுக் கிளம்பினாராம். போகும்போது சொன்ன கடைசி வார்த்தை: "மத்தியானம் வந்துடுறேன், பீன்ஸை அடுப்புல வெச்சுடு." லவோனாவும் வைத்தார். முடிவு பண்ணிவிட்டுத்தான் இங்கே வந்தாரா, இங்கே வந்தபிறகு முடிவு பண்ணினாரா என்பதுதான் லவோனாவுக்குத் தெரிய வேண்டும். "அந்த வார்த்தை பொய்யா இல்லையா? நாப்பது வருஷம் கூட இருந்தவளுக்கு அது தெரியக் கூடாதா?"

இந்த இடத்தில் கதைசொல்லியின் நெஞ்சு கனத்தது என்று எழுத வேண்டும். கனக்கவில்லை. 'கதை' என்றுதான் தோன்றியது. இவரும் அதே காரணத்துக்காக வந்திருந்தால் என்ன செய்வது என்ற சந்தேகமும் எனக்கு வந்தது, உங்களுக்கும் வந்திருக்கும். அந்தச் சந்தேகத்தோடுதான் பேனாவைக் கேட்டு வாங்கினேன்.

4

படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார்கள். உடன் வரும் சிநேகிதரின் பெயர், எத்தனை காலப் பழக்கம், கையெழுத்து. இருபது வருடம் என்று எழுதினேன். ஒரு வருடம் என்று எழுதியிருந்தாலே போதும். எழுதுகிறவன் கை சும்மா இருக்காது.

கவுண்டரில் ராய்ஸ் இருந்தான். பெரிய உடம்பு, சின்னக் குரல். "இருபது வருஷமா? எங்கேப்பா இவங்களை இத்தனை நாளா ஒளிச்சு வெச்சிருந்த?" என்று என்னைச் சீண்டிக்கொண்டே படித்தவன், லவோனா என்ற பெயருக்குப் பின்னால் ஹேச்சர் என்று வந்ததும் நிறுத்திவிட்டான். டெரலுக்கு அன்று ரைபிளை எடுத்துக் கொடுத்தவன் அவன்தான். கவுண்டரை இன்னொருவரிடம் விட்டுவிட்டு வெளியே வந்தான்.

"நானே சொல்லித் தரேன் மேடம்."

அதே ரைபிள் வேண்டும் என்று லவோனா கேட்டார். அது இங்கே இல்லை, அதே ரகத்தில் இன்னொன்று இருக்கிறது என்றான். ஏழாவது தடுப்பை மூடிவிட்டதால் ஆறாவதில் நின்றோம். புதிதாக வருகிறவர்களுக்குச் சத்தத்தை அடக்கிப் பேச்சை மட்டும் உள்ளே விடும் காதுமூடி கொடுப்பார்கள். ராய்ஸும் அதே வகையைத்தான் போட்டிருப்பான். என்னுடையது எல்லாவற்றையும் அடைக்கிற பழைய ரகம்.

(இந்த ரைபிளைப் பற்றி ஒரு குறிப்பு. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு. அடுத்தது தானாகவே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். புதியவர்களிடம் ராய்ஸ் தவறாமல் சொல்லும் வாக்கியம்: "அடுத்ததுக்கு நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம், அதுவே தயாராயிடும்." அன்றும் ஆரம்பித்தான். பாதியில் குரல் இறங்கிவிட்டது.)

முதல் தடவைக்கு ஒரே ஒரு தோட்டாதான் போட்டுத் தருவார்கள். பயந்துபோய்த் திரும்பினாலும் இரண்டாவது வெடிக்கக் கூடாது என்பதற்காக. லவோனா எல்லாப் புதியவர்களையும் போல உடம்பைப் பின்னால் சாய்த்து நின்றார். ராய்ஸ் தோளைத் தொட்டு முன்னால் சாய்த்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். தாளின் மேல்மூலை கிழிந்தது. சூடான வெற்றுத் தோட்டாக்கூடு தடுப்பில் மோதி என் காலடியில் விழுந்தது.

லவோனா சிரித்தார்.

பதினோரு வருடமாகப் பார்க்கிறேன், முதல் குண்டுக்கு எல்லாரும் சிரிப்பார்கள். பயந்த உடம்பு எப்படியோ அதைச் சிரிப்பாக்கிவிடுகிறது, விக்கல் மாதிரி. நானும் சிரித்தவன்தான். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்தில் அப்போது யாரும் சுடவில்லை, அவர் கத்திச் சொன்னதால் எனக்கும் கேட்டது.

"எனக்குச் சிரிப்பு வருது ராய்ஸ். எனக்கே சிரிப்பு வருது."

அதன் பிறகு ஐந்து, அப்புறம் பத்து. துளைகள் ஒன்றையொன்று நெருங்கி வந்தன. அவர் கை நடுங்கவே இல்லை. அந்தத் தாளை வைத்து அவர் நெஞ்சில் என்ன ஓடுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. டெரலின் தாளும் இவ்வளவுதான் சொல்லும் என்பது எனக்குப் புரிந்தபோது அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். ரைபிளைக் கீழே வைத்துவிட்டு, மடித்த தாளைக் கைப்பையிலிருந்து எடுத்து ராய்ஸ் முன் விரித்தார்.

5

இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அவர் ஏதோ கேட்டார். அதே நேரம் நான்காவது தடுப்பில் ஒருவன் பெரிய துப்பாக்கியால் சுட ஆரம்பித்தான். ராய்ஸ் குனிந்து அவரிடம் பேசினான். சின்னப் பதில் இல்லை, நிறையப் பேசினான். அவன் கழுத்து சிவந்துவிட்டது. லவோனா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஆறுதலா, ஆத்திரமா, எனக்குத் தெரியவில்லை.

ராய்ஸ் சொன்னது: "

ஆமாம், அவ்வளவுதான். எனக்குக் கேட்கவில்லை. யாராவது சுடும்போது காதுமூடியைக் கழற்றக் கூடாது என்பது விதி. வாசலில் ஒரு விதியை மீறிவிட்டு வந்தவன், இந்த விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.

வெளியே வந்ததும் லவோனா வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டே சொன்னார். "நீங்க எழுதுறவர்னு தெரியும். காலிப் படிவம் ஒண்ணுக்குப் பின்னால கிறுக்கிக்கிட்டே இருந்தீங்க. என்ன வேணா எழுதிக்குங்க. ராய்ஸ் சொன்னதை மட்டும் எழுதாதீங்க."

சரிங்க என்றேன். என்னிடம் இல்லாத ரகசியத்துக்கு நான் கொடுத்த வாக்கு அது.

6

எழுத முயலவில்லை என்று நினைக்காதீர்கள். ஒரு வரைவில், ரைபிளை வாங்கும்போது அடுத்த வாரம் எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்று டெரல் கேட்டதாக ராய்ஸ் சொல்கிறான். அப்படியானால் பீன்ஸ் பொய் இல்லை. இன்னொன்றில், உள்ளே போகும் முன்பே டெரல் வண்டிச் சாவியை ராய்ஸிடம் கொடுத்து, யாராவது வந்து எடுத்துக்கொள்வார்கள் என்கிறார். அப்படியானால் கொசுவலை முதற்கொண்டு எல்லாமே விடைபெறல். முதலாவதை எழுதும்போது அழுதேன். ஆனால் இரண்டாவதுதான் நன்றாக வந்திருந்தது, அதை இரண்டு முறை செதுக்கவும் செய்தேன்.

(மூன்றாவதில் லவோனா நிம்மதியாக வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறார். அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.)

7

ராய்ஸிடமே கேட்கலாமே என்பீர்கள். எப்படிக் கேட்பது? இருபது வருடச் சிநேகிதனிடம் அந்தம்மா சொல்லாமலா இருப்பார் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். நான் கேட்டால், முன்பின் தெரியாத ஒரு பெண்ணை, அதுவும் அவரை, அந்தக் கதவு வழியாக நான் உள்ளே கூட்டிவந்தது அவனுக்குத் தெரிந்துவிடும். ஏற்கெனவே ஒருவர் சாவைச் சுமந்துகொண்டிருக்கிறான்.

அவனோ ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னைக் கேட்கிறான். "உன் சிநேகிதி எப்படி இருக்காங்க?"

அவரை நான் அதன் பிறகு பார்க்கவில்லை. உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாது. தொலைபேசி எண் அந்தப் படிவத்தில் இருக்கிறது, படிவம் ராய்ஸின் மேசைக்குப் பின்னால் இரும்பு அலமாரியில் இருக்கிறது.

"நல்லா இருக்காங்க," என்கிறேன். அவன் முகம் ஒரு வாரத்துக்குத் தெளிந்துவிடுகிறது.

முடிவு வேண்டுமானால் நீங்களே போய் அவனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தனியாகப் போனால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், கூட ஒரு சிநேகிதர் வேண்டும். கையெழுத்துப் போட நான் வர மாட்டேன்.