தொட்ட இடம்

மலேசியாவின் பத்து பாகாட் ஊரில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் கமலநாதனுக்குச் சம்பளமே தண்ணீர்ச் சொட்டை வேடிக்கை பார்க்கத்தான். கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடி மேடுகள் பதித்த பிளாஸ்டிக் தாளில் ஒரு சொட்டு விடுவான். உருண்டு ஓடினால் தாள் தேறியது. ஒட்டி நின்றால் யாரோ வெறுங்கையால் தொட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். தொடத் தொட மேடுகள் நசுங்கி, அந்த இடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். இதைச் சொல்லிச் சொல்லியே கையுறை போடாதவர்களின் உயிரை வாங்குவான்.

மகள் லோஷினியின் படத்துக்கும் அந்தத் தாளைத்தான் ஒட்டியிருந்தான். ஜன்னல் சாரல் நேராகப் படம் மாட்டிய சுவரில்தான் அடிக்கும். பதினாறு வயசுப் பிள்ளை. டிங்கி காய்ச்சல் கொண்டுபோய்விட்டது.

காய்ச்சல் கண்ட அன்று காலை அவன் மனைவி கஸ்தூரி மகளின் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "சாதாக் காய்ச்சல்தான்" என்று பனடோல் மாத்திரை கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். கருமக்கிரியை அன்று சொந்தபந்தங்கள் முன்னால், "தொட்டுப் பாத்தியே, உனக்குத் தெரியலையா?" என்று கமலநாதன் கேட்டுவிட்டான். கேட்டிருக்கக் கூடாது. அவள் அழவில்லை. மறுவாரமே வேலைக்குப் போனாள். கல்நெஞ்சக்காரி என்று அவனும் முடிவுகட்டிவிட்டான். வருஷத் திதி முடிந்ததும் அவளை விட்டுவிட்டு, பெக்கோக் ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கே போய்விடுவதாக இருந்தான். துணிப்பையும் தயார்.

திதியன்று சந்தனத்தைக் கரைத்தான். படத்தில் நிற்காது என்று அவனுக்குத் தெரியாதா? சட்டத்தில் வைக்கலாம் என்றுதான் விரலை நீட்டினான். மனசு கேட்கவில்லை, நெற்றியிலேயே வைத்தான். கன்னத்தில் சிந்திய துளி தடமே இல்லாமல் உருண்டு விழுந்தது. நெற்றியில் வைத்தது அப்படியே நின்றது.

தொழில் புத்தி போகுமா? தண்ணீர் தெளித்துப் பார்த்தான். நெற்றியில் மட்டும் ஒட்டியது. தாளை ஒட்டும்போதுகூட அவன் கையுறை போட்டிருந்தான். வீட்டில் இருப்பதோ இரண்டே பேர்.

"கஸ்தூரி, நீ இதத் தொடுவியா?"

அடுப்படி வாசலில் நின்றவள் பயந்துபோனாள். "ஏங்க, கெட்டுப்போச்சா?"

"எதுக்குத் தொடுற?"

"வேலைக்குப் போறதுக்கு முன்னாடி நெத்தியில கை வச்சுப் பாத்துட்டுதான் போவேன். அன்னிக்குச் சரியாப் பாக்கலையோன்னு..." அதற்கு மேல் முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கமலநாதன் படத்தருகே போனான். சந்தனத்துக்குப் பக்கத்தில் தன் வெறுங்கையை வைத்தான். தாள் ஜில்லென்று இருந்தது.

"சுடவே இல்ல, கஸ்தூரி" என்றான். "வா, நீயும் தொட்டுப் பாரு."