ராணியின் குரல்

கோகிலா கயிற்றை அவிழ்த்தாள், மறுபடி தூணில் கட்டினாள், மறுபடி அவிழ்த்தாள். இது ஏதோ புது விளையாட்டு என்று நினைத்து ராணி வாலை ஆட்டியது. அதன் பிள்ளை வீரன், பெயருக்குத்தான் வீரன், கொய்யா மரத்தடியில் படுத்தபடி ஈயைக் கவ்வப் பார்த்துக்கொண்டிருந்தது. வாசலில் பாக் மானின் வாடகைக் கார் வந்து பத்து நிமிடம் ஆகிவிட்டது. தந்தி வந்த வீடு என்று தெரிந்து, அவர் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார்.

“இன்னும் எத்தன தடவ அவுத்துக் கட்டுவ?” என்று கேட்டுக்கொண்டே உள்ளேயிருந்து வந்தார் கணேசமூர்த்தி. தமிழ்ப் பள்ளி வாத்தியார். மாமனார் உயிர் ஊசலாடுகிறது என்று தந்தி வந்த அவசரத்திலும் அவர் சட்டையில் கஞ்சி மொடமொடவென்று நின்றது.

“ஆ செங் லாரி ஒரு மணிக்கு சிரம்பான் போவுதுங்க. அவன் நாயெல்லாம் ஏத்திக்குவான். நீங்க முன்னால போங்க, நான் இதுங்களக் கூட்டிக்கிட்டு அதுல வந்துடறேன்.”

“இப்ப மணி எட்டு. அந்த லாரி மூட்டையெல்லாம் எறக்கிட்டுப் போய்ச் சேர மூணரை ஆவும். அதுவரைக்கும் அவரு இருப்பாருன்னு யாரு எழுதிக் குடுத்தா? ஒனக்கு நாயா, அப்பாவா?”

கோகிலாவுக்குச் சுருக்கென்றது. பதில் கைவசம் இருந்திருந்தால் அவள் ஏன் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கப் போகிறாள்? அப்பா மருதப்பன் மூன்று மாதமாகச் சிரம்பானில் தம்பி தேவதாஸ் வீட்டில் கிடக்கிறார். ஈரல் கெட்டுப் போயிற்று, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். போன வாரம் தம்பி எழுதிய கடிதத்தில் கடைசி வரி இதுதான்: அப்பா தினமும் ராணியையும் வீரனையும் கேட்கிறார், வரும்போது எப்படியாவது கொண்டு வா. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அவள் கார் வந்ததுமே ஏறியிருப்பாள்.

பாக் மானிடம் கேட்டுப் பார்க்கலாமே என்று இருவருமே சொல்லவில்லை. அவர் முஸ்லிம்; நாய் ஏறினால் அந்தக் காரை மண்ணும் தண்ணீருமாக ஏழு முறை கழுவியாக வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு எதைக் கேட்கக் கூடாது என்று தெரியும்.

வேலிக்கு அந்தப் பக்கம் சந்திரமதி நின்றிருந்தாள். மலாக்காச் செட்டி வீட்டுப் பெண். வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போவாள், ஆனால் வாயைத் திறந்தால் மலாய்தான். நாய்களைத் தானே வைத்துக்கொள்வதாகவும், பழைய சோறும் கருவாட்டுத் தலையும் தன் வீட்டில் நிறைய இருப்பதாகவும் சொல்லிவிட்டுக் கையை வேலிக்கு மேலே நீட்டினாள். “லெக்காஸ், கோகிலா, லெக்காஸ்!” சீக்கிரம், சீக்கிரம் என்று அவள் விரல்களும் சொல்லின.

கோகிலா இரண்டு கயிறுகளையும் அந்தக் கையில் கொடுத்தாள். கார் திரும்பும்வரை ராணி குரைத்துக்கொண்டே இருந்தது. கன்றுக்குட்டி மாதிரி உடம்பு, அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத கீச்சுக் குரல். “பாட்டு டீச்சர் ஆரம்பிச்சிட்டாங்க” என்று அப்பா கேலி செய்வார். கோகிலா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இறங்கிவிடுவாள்.

பாதி வழியில் இருக்கும் தம்பின் ஊர் வரைக்கும் அவள் காருக்கு வெளியேயே பார்த்திருந்தாள். இந்த மனுசருக்கு என்றைக்கு அந்த நாய்களைப் பிடித்தது என்று உள்ளுக்குள் குமுறிக்கொண்டு வந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பரீட்சைத் தாள் கட்டு ஒன்றை ராணி இழுத்துப்போட்டு நார்நாராகக் கிழித்துவிட்டது. வாத்தியார் பள்ளிக்கூடத்துப் பிரம்பை எடுத்து நாலு போடு போட்டார். மருதப்பன் அப்போது அவர்களோடுதான் இருந்தார். சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். மராமத்து இலாகா லாரி ஓட்டிக் காய்த்துப்போன பெரிய கை; ஒரு வாய் தனக்கு, ஒரு வாய் ராணிக்கு என்று உருட்டினார். அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. மாமனாரும் மருமகனும் பேச்சையும் நிறுத்திக்கொண்டார்கள். “வாத்தியார்கிட்ட சொல்லு பாப்பா, கூரை ஒழுவுது” என்பார் அப்பா, வாத்தியார் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருக்கும்போதே. “தெரியும்னு சொல்லு” என்பார் இவர். நடுவில் நின்று கோகிலா சிரித்ததும் உண்டு, அடுப்படியில் போய் அழுததும் உண்டு.

சிரம்பானில் தெருவுக்குத் தெரு வளைவு கட்டிக்கொண்டிருந்தார்கள். மலாயாவின் சுதந்திரத்துக்கு இன்னும் பதினோரு நாள். எங்கேயோ பேண்டு வாத்தியம் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பழகிக்கொண்டிருந்தது. ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் தேவதாஸ் நின்றிருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் காரை விட்டு இறங்கி ஓடினாள்.

“இருக்காருக்கா. ஒன்னத்தான் தேடுறாரு.”

கூடத்தில் கேன்வாஸ் கட்டிலில் கிடந்த உடம்பு அப்பாவுடையது என்று ஒத்துக்கொள்ளவே அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வயிறு மட்டும் உப்பி, மற்றதெல்லாம் வற்றிப்போயிருந்தது. தேவதாஸின் மனைவி விஜயா பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மருதப்பன் கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தார். பிறகு அந்தப் பார்வை மெல்ல இறங்கி, அவள் காலடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடியது.

“எங்க?” என்றார்.

கோகிலா கட்டிலருகில் குனிந்தாள். “பின்னால கட்டியிருக்கேம்பா,” என்றாள். “ரம்புத்தான் மரத்துல.”

விஜயா வாயைத் திறந்தாள். தேவதாஸ் அவள் தோளைத் தொட்டான்.

“கொரலையே காணோமே?”

“வண்டியில வந்த களைப்புப்பா. தூங்குதுங்க.”

“வீரன் தூங்குவான்.” ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் அவர் மூச்சைத் தேட வேண்டியிருந்தது. “ராணி புது எடத்துல தூங்காது.”

அவர் முகத்தைப் பின்பக்கச் சன்னலை நோக்கித் திருப்பிக்கொண்டு காத்திருந்தார். சுவரில் கடிகாரம் ஓடியது. பத்து நிமிஷமோ, பதினைந்து நிமிஷமோ, அந்தக் கண்கள் சன்னலை விட்டு நகரவில்லை. பெற்ற தகப்பனிடம் கடைசி நாளில் பொய் சொன்ன வாயைக் கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது கோகிலாவுக்கு. கணவர் எப்போது கூடத்தை விட்டுப் போனார் என்று அவள் கவனிக்கவில்லை.

முதலில் யாரோ தொண்டையைக் கனைப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது. பிறகு சன்னலுக்குக் கீழே, “வவ்... வவ்.”

கட்டைக் குரல். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அடக்கிப் பழகிய குரல். விஜயாவின் கை பஞ்சோடு அப்படியே நின்றது. தேவதாஸ் தரையைப் பார்த்தான். ஒரு கணம் ஓய்ந்து, மறுபடியும், இந்தத் தடவை கூச்சமெல்லாம் விட்டு, உரக்க, “வவ்! வவ் வவ்!”

மருதப்பனின் உதட்டோரம் மெல்ல விரிந்தது.

“ராணிக்குத் தொண்ட கட்டிப்போச்சு,” என்றார். கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். “பாப்பா. தண்ணி குடு. ரொம்ப தூரம் வந்திருக்கு.”

கோகிலா அடுப்படிக்குப் போனாள். கைக்குக் கிடைத்த மங்குக் கிண்ணம் ஒன்றில் தண்ணீர் மொண்டுகொண்டு பின்கதவைத் திறந்தாள். சன்னலுக்குக் கீழே, தண்ணீர்த் தொட்டியின் ஓரச் சேற்றில் கணேசமூர்த்தி மண்டியிட்டிருந்தார். கால்சட்டையெல்லாம் சேறு. கழற்றிய மூக்குக்கண்ணாடி ஒரு கையில் இருந்தது. அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் கிண்ணத்தை நீட்டினாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, ஒரே மூச்சில் குடித்தார்.

“அக்கா!” என்று உள்ளே தேவதாஸ் அலறினான்.

அவள் ஓடிப் போய்ப் பார்த்தபோது முகம் சன்னல் பக்கமே திரும்பியிருந்தது. விஜயா கடிகாரத்தைப் பார்த்து, பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் என்றாள். ஆ செங்கின் லாரி மலாக்காவை விட்டுக் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ராத்திரி பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும்போதுதான் கோகிலா அந்தக் கணக்கைப் போட்டாள். கணவர் சொன்னதுதான் சரி, அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள்.

மறுநாள் எரித்து, அடுத்த நாள் பால் தெளித்து, பதினாறாம் நாளுக்குத் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டு, நான்காம் நாள் இருவரும் மலாக்காவில் காஜா பெராங் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். கார் நிற்கும் முன்பே வேலிக்கு அந்தப் பக்கம் ராணி ஆரம்பித்துவிட்டது. அதே கீச்சுக் குரல். தெரு முழுக்க ஊசியாகக் குத்தியது.

கோகிலா வாசல் கதவில் கை வைத்தபடி நின்றுவிட்டாள். ஒன்பது வருஷம் அப்பா கேட்ட குரல் இது. இருட்டில், மழையில், நூறு நாய்க்கு நடுவில் கேட்டாலும் இது ராணி என்று சொல்லக்கூடியவர். சன்னலுக்குக் கீழே குரைத்தது யார் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

அவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவரும் அந்தக் குரலைத்தான் கேட்டுக்கொண்டு நின்றார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, சந்திரமதியின் வேலியண்டை போய், தானே இரண்டு கயிறுகளையும் வாங்கிக்கொண்டு வந்தார்.

மத்தியானம் அவள் எப்போதும்போல் உள்ளே மேசையில் சோறு போட்டு வைத்தாள். கணேசமூர்த்தி கை கழுவிவிட்டு வந்து, தட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். படிக்கட்டில் மருதப்பன் உட்காரும் இடத்துக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தார். ராணி சற்று தள்ளி நின்று அவர் கையையே பார்த்தது. அவர் ஒரு வாய் உருட்டினார். அதை எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் நீட்டிய கையோடு உட்கார்ந்திருந்தார்.

கோகிலா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.