விஸ்வநத்தத்துச் சிவப்புக் கட்டம்

1

இந்தக் கதை என்னிடம் கூலி வேலையாக வந்தது. விருதுநகர் மாவட்டத்தில் எங்கெங்கே எவ்வளவு டீசலும் விறகும் எரிந்து கார்பனாகக் காற்றில் கலக்கின்றன என்று ஓர் ஆய்வு நிறுவனம் கணினியில் வரைபடம் போட்டது. மாவட்டத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, குறைவாக எரியும் கட்டத்துக்கு வெளிர்மஞ்சள், அதிகமாக எரிந்தால் அடர்சிவப்பு. அதன் அடியில் ஊர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி நாலு பத்தி எழுத என்னைக் கூப்பிட்டார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் வரைபடம் போட்ட எழில் சொன்னதெல்லாம் அந்த நாலு பத்திக்குள் அடங்கவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘செயற்கைக்கோளிலிருந்து பார்த்தால் இந்தக் கந்தக பூமி ஒரு...’

அடித்துவிட்டேன். செயற்கைக்கோளுக்குத் தாய்மாமா கிடையாது. எழிலுக்கு உண்டு.

2

எழில் விஸ்வநத்தத்துப் பெண். அம்மா பொன்மணிக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. வரைபடத்தை ஊர்க்கூட்டத்தில் காட்டுவதற்கு முன்பு எழில் அம்மாவிடம் காட்டினாள்.

“ஏத்தா, நம்ம ஊரு மட்டும் ஏன் இப்படிச் செவந்து கெடக்கு?”

“இங்கன நெறைய எரியுதுன்னு அர்த்தம்மா.”

“பட்டாசச் செய்யத்தான செய்றோம்? வெடிக்கிறது வேற ஊருலல்ல? இதப் பாத்தாகன்னா கம்பெனிய மூடிருவாகளே!”

(பொன்மணியின் பயத்தை நான் ஊதிப் பெருக்கவில்லை. போன சீசனில் சோதனை என்று கம்பெனியைப் பூட்டியபோது, வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவள் அவள்.)

எழிலுக்கும் சந்தேகம் வந்தது. கணக்கைப் பிரித்துப் பார்த்தாள். சிவப்புக்குக் காரணம் பட்டாசு அல்ல, கரி. சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண் பூசி, உள்ளே புகையவிட்டுக் கரியாக்கும் மூட்டங்களின் புகை முழுவதையும் கணினி விஸ்வநத்தத்தில் போட்டிருந்தது. கரி வியாபாரிகளின் குடோன் முகவரி அங்கேதான் இருந்தது. குடோனில் சாக்கு மூட்டைகள்தான் இருக்கும். எதுவும் எரியாது. எரிவது ஆனைக்குட்டத்துக்கு அப்பால், கருவேலங்காட்டில்.

அங்கே மூட்டம் போடுகிறவர் பாண்டிமுருகன். பொன்மணியின் தம்பி, எழிலின் தாய்மாமா.

3

(இந்த மாமாவை முதலில் மிக நல்லவராக எழுதினேன். நம்பும்படி இல்லை. கெட்டவராக்கிப் பார்த்தேன், அதுவும் ஒட்டவில்லை. எழில் இரண்டையும் படித்துவிட்டு, “அவுக கோவக்காரரு. ஆனா இருக்கன்குடி கோயில்ல எனக்குக் காது குத்தயில, மடில வச்சிருந்த அவுகதான் அழுதாக” என்றாள். அதற்குமேல் நான் கை வைக்கவில்லை.)

எழில் காட்டுக்குப் போய், மூட்டத்தின் அருகே நின்று செல்போனில் இடத்தைக் குறித்துக்கொண்டாள்.

“எதுக்குத்தா போட்டோ?”

“போட்டோ இல்ல மாமா. பொகை எங்கன வருதுன்னு குறிச்சிக்கிறேன். கணக்கு நம்ம ஊரு மேல தப்பா விழுந்துருச்சு.”

மூட்டத்தில் விரிசல் விட்ட இடத்தை மாமா ஈரமண்ணால் அடைத்துக்கொண்டிருந்தார். “மரத்த வெட்டுனா அடுத்த மழைக்குத் துளுத்துருது. அது கணக்குல வராதா?”

“வரும். துளுக்குற மரம் பொகைய இழுத்துக்கிறதுக்குத் தனிக் கணக்கு இருக்கு. ஆனா இன்னைக்குப் போற பொகை இங்கனருந்துதான போகுது?”

“ஊரக் காப்பாத்த மாமனக் காட்டிக் குடுக்கப் போற. அப்படித்தான?”

எழில் செல்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

அலுவலகத்தில் அவளுக்கு மேலே இருந்த ஹரிபிரசாத் ஒரு வழி சொன்னார். “அக்கம்பக்கத்துக் கட்டங்களோட சேத்து சராசரி எடுத்துருவோம். சிவப்பே இருக்காது. யாருக்கும் உறுத்தாது.”

அப்படிச் செய்யலாம்தான். பலர் செய்கிறார்கள். எழிலும் செய்து பார்த்தாள். சுற்றியிருந்த ஊர்கள் எல்லாம் இளஞ்சிவப்பாகிவிட்டன. மூட்டமே இல்லாத ஊர்களும். “வேண்டாம் சார்” என்று அழித்துவிட்டாள்.

4

கூட்டம் சமுதாயக்கூடத்தில் நடந்தது. திரையில் விஸ்வநத்தம் மஞ்சளாக இருந்தது. காட்டுக்குள் ஒரே ஒரு கட்டம் மட்டும் சிவப்பு. முன்வரிசையில் இருந்த பட்டாசுக் கம்பெனி முதலாளி அய்யாதுரை நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு கேட்டார்:

“அந்தச் செவப்புல யாரும்மா தொழில் பண்றது?”

கடைசி வரிசையில் பாண்டிமுருகன் இருந்தார்.

முடிவு அ: எழில் ‘தெரியலங்க’ என்கிறாள். கூட்டம் கலைகிறது.

முடிவு ஆ: மாமாவே எழுந்து, ‘என் மூட்டந்தான்’ என்கிறார். எல்லாரும் கை...

இரண்டாவது முடிவு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எழில் சிரித்துவிட்டாள். “எங்க மாமா அப்படியெல்லாம் எந்திரிக்க மாட்டாக.”

நடந்தது இதுதான். எழில், “எங்க மாமா” என்றாள். தலைகள் பின்னால் திரும்பின. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இத மறைச்சா அவுகளுக்குத்தான் நட்டம். பொகை கம்மியா வர்ற உலை இருக்கு. அரசாங்கத்துக்கிட்ட அதக் கேக்கணும்னா மொதல்ல இந்த எடம் படத்துல இருக்கணும்” என்றாள்.

அவள் பேசி முடித்தபோது கடைசி வரிசை நாற்காலி காலியாக இருந்தது. வெளியே பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

வீட்டுக்கு நடந்து வரும்போது பொன்மணி சொன்னாள்: “நீ சொன்னது சரிதான். ஆனா எந்தம்பி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?”

5

உலையை மாமாவின் பெயரில்தான் கேட்க முடியும். அவர் சம்மதிக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எழில் அவர் வீட்டுக்குப் போனாள்.

அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் இதுவரை எழுதியவற்றில் எழிலின் பக்கம் நின்றுதான் எழுதியிருக்கிறேன். மாமாவின் பக்கம் நிற்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. அவர் இடத்தில் நீங்கள் நின்று பாருங்கள். உங்கள் உடம்பெல்லாம் கரி வாடை. நீங்கள் மடியில் வைத்திருந்த பிள்ளை, ஊர் பார்க்க உங்களைச் சொல்லிவிட்டது. அது சொன்னது பொய்யும் இல்லை.

கதவு திறந்துதான் இருக்கிறது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நிற்கிறாள்.

“மாமா...”

சொல்லுங்கள்.